கிள்ளானில் செய்த வில்

வில்லின் மேல் நுனியில் ரம்பத்தை வைத்தபடி பொன்னம்மாள் தலை நிமிர்ந்தார். ரம்பம் இன்னும் அசையவில்லை.

"பேரைச் சொல்லுவீங்களா, மாட்டீங்களா? அதை மொதல்ல சொல்லுங்க. அப்புறம் அறுக்கிறேன்."

பிரிக்பீல்ட்ஸில் ரயில் பாதையை ஒட்டியிருந்த எங்கள் முருகன் கோயிலின் முன்மண்டபம். ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்றேகால் மணி. கமிட்டியார் ஒன்பது பேர், குருக்கள், பூக்கட்ட வந்தவர்கள் என்று இருபது பேருக்கு மேல் நின்றோம். பாதையில் எஞ்சின் ஒன்று சரக்குப் பெட்டிகளை இடித்துச் சேர்க்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

விஜயதசமிக்கு இரண்டே நாள். அன்று மாலை சுவாமி அம்பு விட வேண்டிய வில் அந்த அம்மாளின் மடியில் கிடந்தது. அது அங்கே வந்த கதையை முறையாகச் சொல்ல வேண்டுமானால் அதற்கு முந்திய வருஷத்து விஜயதசமியிலிருந்து தொடங்க வேண்டும்.

மூன்று முழம்

ரப்பர் விலை விழுந்து, தோட்டங்களில் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த காலம். நான் ரயில்வே எஞ்சினீயர் ஆபீசில் பாலங்களுக்குப் படம் வரைபவன். கோயிலுக்குச் செயலாளர். சென்ற வாரம் இந்தத் தொடரில் என் ஆபீஸ் மேசையைப் பற்றி எழுதியதைப் படித்தவர்களுக்கு என் குணம் தெரிந்திருக்கும். கால் அங்குலம் பிசகினாலும் எனக்குச் சோறு இறங்காது. மழை பிடித்த நேரமும் விட்ட நேரமும்கூட என் டயரியில் இருக்கும்.

எங்கள் கோயிலில் விஜயதசமி மாலை சுவாமி குதிரை வாகனத்தில் பக்கத்து மைதானத்துக்கு எழுந்தருள்வார். எதிரே ஒரு வாழைமரம் நட்டு, வன்னிக் கிளை இந்த ஊரில் கிடைக்காததால் புளியங்கிளை ஒன்றை அதில் கட்டியிருப்போம். அந்த வாழைதான் அசுரன். சுவாமியின் சார்பில் குருக்கள் அம்பு விடுவார்.

விடுவார் என்று எழுதுகிறேனே தவிர, அம்பு போவதில்லை. பிளந்த மூங்கிலில் தேங்காய்க் கயிறு கட்டி, ஜரிகைக் காகிதம் சுற்றியதுதான் எங்கள் வில். அந்த வருஷம் அம்பு மூன்று முழம் பறந்து மண்ணில் படுத்துக்கொண்டது. குருக்கள் வழக்கம்போல நடந்து போய் அதை எடுத்து, வாழைத்தண்டில் கையால் குத்தி வைத்தார். மேளம் முழங்கியது.

"வருஷா வருஷம் குருக்கள்தான் அசுரனைக் குத்துறாரு," என்றாள் என் மனைவி தனலட்சுமி, வீட்டுக்குத் திரும்பும் வழியில். "சாமி குதிரை மேல உக்காந்து வேடிக்கை பாக்குறாரு."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து, வரும் வருஷம் நிஜமான வில் வரும், இருபது அடி வைத்த தூரத்திலிருந்து அம்பு தண்டில் பாயும் என்று சொல்லிவிட்டேன். தலைவர் நமசிவாயம், சரக்குக் கொட்டகையில் கணக்கெழுதும் தலைமைக் கிராணி, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"பாலம் கட்டுற மாதிரி பேசறீங்களே செக்ரட்டரி. சரி, உங்க பொறுப்பு."

மூன்று வெட்டுக் குறி

ரயில்வே ஸ்டோருக்கு வரும் சங்கோல் பிடிகளில் பாதி ஒரே மாதத்தில் உடைந்துவிடுகின்றன என்று ஒருமுறை புகார் வந்தது. மண் வெட்டும் சங்கோலுக்குப் பிடி போனால் பாதையில் வேலை நின்றுவிடும். காரணம் கண்டு எழுதும்படி துரை என்னிடம் தள்ளினார். பிடிகளை நீளவாரியாக அடுக்கிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒப்பந்தக்காரரின் சூட்டு முத்திரை இருந்தது. ஆனால் உடையாமல் உழைத்த பிடிகளில் மட்டும், முத்திரைக்குக் கீழே, கத்தி முனையால் கீறிய மூன்று சிறு குறிகள் இருந்தன.

அந்தக் குறி யாருடையது என்று விசாரித்துத்தான் கிள்ளானுக்குப் போனேன். ஆற்றங்கரை மாட்டுவண்டிப் பேட்டைக்குப் பின்னால், தகரம் வேய்ந்த ஒரு பட்டறை. உள்ளே முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண் ஒருவர், இரு பக்கமும் பிடி வைத்த கத்தியைத் தன் பக்கமாக இழுத்து இழுத்து மரம் சீவிக்கொண்டிருந்தார். சீவல் சுருள் சுருளாக விழுந்தது. பச்சை மரத்தின் புளிப்பு வாசனை.

வெளியே வண்டிச் சக்கரத்துக்கு மை போட்டுக்கொண்டிருந்த அவருடைய கணவர் முனியன் சொன்னார்: "பிடி உடைஞ்சுதுன்னு சொல்ல வந்தீங்களா ஐயா? அவ செஞ்சது உடைஞ்சா அது வெட்டினவன் கை குத்தம்."

அது முதல் சந்திப்பு. வில் என்று நான் கமிட்டியில் வாய்விட்டபோது என் மனத்தில் இருந்தது அந்தக் கைதான். அடுத்த ஞாயிறே ரயில் ஏறினேன்.

"வில்லா?" என்றார் பொன்னம்மாள். "தோட்டத்துல பன்னி விரட்ட எங்கப்பன் செய்வாரு. இழைக்கிறது நான். அதுக்கென்ன, செய்யலாம்."

கூலி எவ்வளவு என்று கேட்டேன். அவர் கத்தியை வைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

"கோயிலுக்கு எண்ணெய் குடுத்தவங்க, பூ குடுத்தவங்க பேரெல்லாம் சாமி முன்னால படிப்பாங்கல்ல?"

"உபயதாரர் பட்டியல். திருவிழா அன்றைக்கு நான்தான் படிப்பேன்."

"அப்ப கூலி வேண்டாம். வில்லு என் உபயமா இருக்கட்டும். என் பேரைப் படிங்க. பதினாறு வருசமா பிடி சீவுறேன் ஐயா. எல்லாத்துலயும் அந்தக் கண்ட்ராக்டுக்காரன் முத்திரை. என் பேரு எதுலயும் ஏறினதில்ல."

படிக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

என் படம்

மரத்தை அவரே தேடிப் பிடித்தார். நிபோங் என்பது இந்தக் கடலோரச் சேற்றில் வளரும் முள் பனை. அதன் வெளிச்சுற்று இரும்பு மாதிரி, உள்ளே சோறு. கப்பார் பக்கம் ஒரு மலாய்க்காரர் கிராமத்தில் வீடு பிரித்தபோது, அடுப்புக்கு மேலே ஆண்டுக்கணக்கில் புகை குடித்துக் கிடந்த நிபோங் வரிச்சுகளில் நல்லதாக நான்கை எடுத்து வந்திருந்தார்.

நான் என் பங்குக்குப் படம் வரைந்தேன். பாலம் வரையும் அதே துணிக் காகிதம், அதே மை. முன் தோற்றம், பக்கத் தோற்றம், ஐந்து இடங்களில் வெட்டுமுகம். நீளம் ஐந்தடி ஆறங்குலம். நடுக்கோட்டுக்கு மேலும் கீழும் மயிரிழை வித்தியாசமில்லை. நாலு முகமும் மட்டமாக இழைக்கப்பட வேண்டும் என்று குறிப்பும் எழுதினேன்.

பொன்னம்மாள் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மேல்தோலையும் இழைக்கச் சொல்லுறீங்களா ஐயா?"

"படத்தில் இருக்கிற மாதிரி."

"சரி."

இரண்டு வாரம் கழித்துப் போனேன். கண்ணாடி மாதிரி வழவழப்பாக வில் தயாராக இருந்தது. என் அடிக்கோலை வைத்து அளந்தேன். அப்படியே என் படம். அவர் வில்லைச் சுவரில் ஓர் ஆணியில் மாட்டி, நாணின் நடுவில் சங்கோல் தகடுகளை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டார். பிடிகளையும் அவர் அப்படித்தான் சோதிப்பாராம். ஒன்று, இரண்டு, மூன்று. வில் அழகாக வளைந்தது. நாலாவது தகட்டில், முதுகில் ஒரு நார் ஊசி போல எழும்பியது. அடுத்த நிமிஷம் வில் இரண்டாகி, தகடுகள் தரையில் கொட்டின.

பொன்னம்மாள் மேசை மேலிருந்த என் படத்தை எடுத்துத் தூசி தட்டினார். "படத்துக்கு ஒண்ணும் ஆகல ஐயா. நல்லாத்தான் இருக்கு."

வெளியே முனியன் சிரித்த சிரிப்பில் மாடு மிரண்டது.

"உடையும் என்று தெரிந்தே செய்தீர்களா?"

"வாயால சொன்னா நீங்க கேப்பீங்களா? அந்தத் தோல்லதான் அதோட பலமே இருக்கு. அதுல கத்தி பட்டா நார் அறுந்துரும். அறுந்த நார் இழுப்புத் தாங்காது. ஒரு வரிச்சு போனாப் போகுது, ஐயாவுக்குத் தெரியட்டும்னு செஞ்சேன்."

பத்தொன்பது வருஷம் இரும்புக்குப் படம் வரைந்தவன் நான். இரும்புக்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான். மரத்துக்கு முதுகு உண்டு, வயிறு உண்டு என்பது என் பென்சிலுக்குத் தெரிந்திருக்கவில்லை. படத்தைச் சுருட்டிப் பைக்குள் வைத்தேன். அன்று மாலை டயரியில் 'தவறு என்னுடையது' என்று எழுதினேன். அதை எழுதுவது எனக்குச் சுலபமில்லை.

கண்ணாடித் துண்டு

இரண்டாவது வில்லுக்குப் படம் கிடையாது. ஞாயிறுதோறும் போய் உட்கார்ந்து பார்ப்பேன். கறுப்பும் பழுப்பும் கோடு கோடாக ஓடிய மேல்தோலை அவர் தொடவேயில்லை. வில்லின் வயிற்றுப் பக்கம் மட்டுமே சீவினார். கத்தி வேலை முடிந்ததும் உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டினார். தூள் மாவு போல உதிர்ந்தது. பத்துச் சுரண்டல், பிறகு ஆணியில் மாட்டி ஒரு தகடு. சுவரில் கரித்துண்டால் ஒரு வளைகோடு வரைந்து, வில் அதோடு பொருந்துகிறதா என்று தள்ளி நின்று பார்ப்பார். விறைப்பாக நிற்கும் இடத்தில் மறுபடியும் பத்துச் சுரண்டல்.

ஏழு தகடு தொங்கியும் வில் முனகவில்லை. மீன்வலைக்காரர்களின் கயிற்றை மூன்று புரியாக முறுக்கி, தேன்மெழுகு தேய்த்து நாண் ஆக்கினார். பட்டறைக்குப் பின்னால் முனியன் ஓர் அம்பு விட்டார். அது ஆற்றோரத்துத் தென்னையின் மட்டைக்குள் ஒரு சாண் ஏறி நின்றது. அதைப் பிடுங்க நாங்கள் இரண்டு பேர் இழுக்க வேண்டியிருந்தது.

வில்லை என் கையில் கொடுக்கும்போது அவர் ஒன்றே ஒன்று சொன்னார். "வேலை முடிஞ்ச உடனே நாணை அவுத்துரணும். கட்டியே வச்சா வில்லு சோர்ந்துரும்."

தலை அசைந்தது

வில் தயார் என்று கமிட்டியில் சொன்னேன். தலைவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்து மகிழ்ந்துபோனார். "கிள்ளான்ல இப்படி ஒரு ஆசாரியா? கைக்காரன்தான்."

அப்போது நான் திருத்தியிருக்க வேண்டும். என் தலை மேலும் கீழுமாக அசைந்தது. 'வில்: கிள்ளான் ஆசாரி ஒருவர்' என்று நடவடிக்கைப் புத்தகத்திலும் எழுதினேன். பெண் கையால் செய்தது என்று தெரிந்தால் தலைவர் அங்கேயே நிறுத்திவிடுவார் என்ற பயம். அம்பு ஒருமுறை பாய்ந்துவிட்டால் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று மனத்தில் ஒரு கணக்கு. உபயதாரர் பட்டியலில் வில்லுக்கு எதிரே இடத்தைக் காலியாக விட்டேன்.

நாணைப் பற்றிக் குருக்களிடம் சொல்லிவிட்டு, நவராத்திரி முதல் நாளன்று ஆபீஸ் வேலையாகச் சிரம்பான் பக்கம் ஒரு பாலத்தைப் பார்க்கப் போனேன். ஏழாம் நாள்தான் திரும்ப முடிந்தது. ஸ்டேஷனிலிருந்து நேரே கோயிலுக்கு வந்தேன்.

சுவாமி பக்கத்தில் வில் நின்றது. சாமந்தி மாலை, சந்தனம், குங்குமம். நாண் விறைப்பாகக் கட்டியிருந்தது.

"எப்போது கட்டினீர்கள்?"

"முதல் நாளே கட்டிட்டேன்," என்றார் குருக்கள். "நீங்க சொன்னது ஞாபகம் இருக்கு. ஆனா நாண் இல்லாத வில்லை சாமி முன்னால எப்படி வைக்கிறது? பாக்கிறவா கண்ணுக்குக் கழுத்து மூளியா நிக்கிற மாதிரி இருக்குமே. அமங்கலம்."

அவர்மேல் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் நினைத்தது அவருடைய முறைப்படி சரிதான். நாணை அவிழ்த்தேன். வில் நிமிரவில்லை. நிமிர்ந்த கோலிலிருந்து இரண்டே கால் அங்குலம் வளைந்தபடியே நின்றது. மைதானத்துக்கு எடுத்துப் போய் ஓர் அம்பு விட்டுப் பார்த்தேன். பதினோரு அடி வைத்த தூரத்தில் விழுந்தது.

மறுநாள் ஞாயிறு, முதல் வண்டியில் கிள்ளானுக்குப் போனேன். பொன்னம்மாள் ஒரு ரம்பத்தையும் இரு கைக் கத்தியையும் சாக்கில் சுற்றிக்கொண்டு கிளம்பினார். திரும்பும் வண்டியில் தலையசைத்த விஷயத்தைச் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து தீகா ஸ்டேஷன் தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"அப்ப என் பேரு எங்க இருக்கு?"

"எங்கேயும் இல்லை."

"சரி. அங்க வந்து பேசிக்கிறேன்."

மண்டபத்தில்

"யாரிது?" என்றார் தலைவர்.

"வில் செய்தவர். பெயர் பொன்னம்மாள்."

"ஆசாரின்னீங்களே."

"நீங்கள் சொன்னீர்கள். நான் தலையாட்டினேன்."

"எழுதியும் வச்சிருக்கீங்களே, ஐயா."

"எழுதினது பொய்."

மண்டபத்தில் சலசலப்பு எழுந்தது. பொன்னம்மாள் அதைக் கவனிக்காமல் வில்லை எடுத்துக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். "நாணைக் கட்டி வச்சது யாரு?"

"நான்தாம்மா," என்றார் குருக்கள்.

"ஏழு நாள் ராப்பகலா உங்களைக் குனிய வச்சா, அப்புறம் நிமிருவீங்களா சாமி?"

யாரோ சிரித்து, உடனே இருமலாக மாற்றிக்கொண்டார்கள். குருக்களே சிரித்துவிட்டார். "மாட்டேன்தான்."

"ரெண்டு நுனியிலயும் நாலு விரல் அறுத்துட்டு நாண் மாட்டுற வாயைப் புதுசா வெட்டணும். நீளக் கம்பு வளையும், குட்டைக் கம்பு விறைக்கும். பழைய வேகம் வந்துரும். ஆனா சாமி, காது வரைக்கும் இழுக்காதீங்க. தாடையோட நிறுத்திக்குங்க." தரையில் உட்கார்ந்து வில்லை மடியில் போட்டார். "என் உபயம் இது. என் பேரைப் படிக்கிறதாச் சொல்லித்தான் குடுத்தேன்."

தலைவர் குரலை உயர்த்தவில்லை. "பூ, பால், விளக்குன்னா பொம்பளைங்க பேரைப் படிக்கிறோம்மா. வில்லு ஆயுதம். வழக்கத்துல இல்ல."

"வழக்கத்துல அம்பும் போகலையாமே," என்றார் பொன்னம்மாள். இது தனலட்சுமி ரயில்வே லயன் வீடுகள் முழுக்கப் பரப்பிய பேச்சு கிள்ளான்வரை போனதன் பலன் என்று நினைக்கிறேன். "மாட்டீங்கன்னா சொல்லிருங்க, எடுத்துக்கிட்டுப் போறேன். மூங்கில் வில்லு இருக்குல்ல?"

இந்த இடத்தில்தான் அவர் ரம்பத்தை நுனியில் வைத்து நிமிர்ந்து பார்த்தது. கேள்வி எல்லாருக்கும் பொதுவாக இருந்தாலும் அவர் கண் என்மேல் இருந்தது.

"பட்டியல் படிக்கிறவன் நான்," என்றேன். "படிப்பேன்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "படிச்சா அடுத்த வருஷம் செக்ரட்டரி நீங்க இல்ல. யோசிச்சுச் சொல்லுங்க."

பதினோரு வருஷமாக நான் வகித்த பொறுப்பு. அந்தக் கோயிலின் கூரை ஓடு ஒவ்வொன்றும் என் கையெழுத்தில் கணக்கில் இருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

"சரி, தலைவரே," என்றேன்.

ரம்பம் இறங்கியது. நிபோங் அறுபடும் கரகரப்பை நான் முன்பே கேட்டிருந்தேன். மற்றவர்களுக்கு அது புதிது. ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார். குருக்கள் மட்டும் குனிந்து, விழுந்த துண்டுகளைப் பொறுக்கித் தட்டில் வைத்தார்.

விஜயதசமி

மாலை நாலரை. மழை வந்து விட்டிருந்ததால் மைதானம் ஈரமாக இருந்தது. வாழைக்கும் குதிரை வாகனத்துக்கும் நடுவே இருபது அடி வைத்து நானே எண்ணினேன். கிள்ளானிலிருந்து முனியனும் வந்திருந்தார். பொன்னம்மாள் கயிற்றுக்கு வெளியே, பெண்கள் பக்கத்தில், முதல் வரிசையில் நின்றார். மஞ்சள் சேலை.

குருக்கள் அம்பை ஏற்றினார். தாடையோடு நிறுத்தினார். மேளம் ஓய்ந்தது.

அம்பு போனதை நான் பார்க்கவில்லை, கேட்டேன். ஈரத்தண்டில் ஏறும் அந்த ஓசை, பழுத்த பலாவில் குத்துவது போல. வாழை ஒருமுறை நடுங்கியது. தண்டின் மறுபக்கத்தில் நாலு விரல் நீளத்துக்கு அம்பு நுனி வெளியே வந்து, சாறு சொட்டியது. குருக்களுக்கே நம்ப முடியாமல் வில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகுதான் கூட்டம் கத்தியது. தவிலும் நாகசுரமும் ஒன்றுக்கொன்று இடம் கொடுக்காமல் எழுந்தன.

நான் பட்டியலைப் பிரித்தேன். எண்ணெய், பூ, வாழைமரம், பந்தல். காலியாக இருந்த இடத்தில் காலையிலேயே மையால் எழுதிவிட்டிருந்தேன்.

"வில், கிள்ளான் பொன்னம்மாள் உபயம்."

தலைவர் பக்கம் நான் திரும்பவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குலவை கிளம்பியது. முதலில் ஒரே குரல், தனலட்சுமியின் குரல் எனக்குத் தெரியாதா, பிறகு வரிசை முழுவதும். பொன்னம்மாள் கயிற்றைத் தாண்டி வந்தார். குருக்கள் தேங்காய், பழம், எலுமிச்சை வைத்த தட்டை இரு கையாலும் நீட்டினார். அவர் இரு கையாலும் வாங்கினார்.

சொன்னபடியே அடுத்த வருஷம் வேறொருவர் செயலாளர் ஆனார். அதில் எனக்கு வருத்தமில்லை என்று எழுதினால் இந்தத் தொடரில் இன்னொரு பொய் சேரும். ஆனால் அன்று என் வாயிலிருந்து வந்த அந்த நான்கு சொற்களை, நான் வரைந்த எந்தப் பாலத்துக்கும் மேலாக வைக்கிறேன்.

விஜயதசமி அன்று இரவே கோலாலம்பூர் ஸ்டேஷனுக்கு அவர்களை வழியனுப்பப் போனேன். பெஞ்சில் வெற்றிலைக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் தட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எந்தக் கோயில் தட்டு? என்ன உபயம்?"

"பிரிக்பீல்ட்ஸ்ல. வில்லு. நான் செஞ்சது."

அந்த அம்மாள் நம்பாமல் முனியனைப் பார்த்தார்.

"எனக்கு மாடு ஓட்டத்தான்லா தெரியும்," என்றார் முனியன். "செஞ்சது அவ."

வெற்றிலைக்கார அம்மாள் கூடையைத் தரையில் இறக்கி, பெஞ்சில் இடம் விட்டார். பொன்னம்மாள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, நேராக உட்கார்ந்தார்.